கட்டிலருகே உட்கார்ந்திருப்பவர்களின் வரலாறு



மருத்துவ வரலாறு என்றால் மருந்து கண்டுபிடித்தவர் பெயர், ஆண்டு, விருது என்று குறிப்பெடுத்தே பழகிவிட்டோம். இந்த முறை கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்ப்போம். புற்றுநோய் கண்ட பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு யார் துணை நின்றார்கள், எப்போதிலிருந்து? அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

பத்து பாகாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் குழந்தைப் புற்றுநோய்க்கான சிறப்புச் சிகிச்சை பெரிய நகரங்களில்தான். ஜொகூர் பாரு ஏறக்குறைய 130 கிலோமீட்டர், கோலாலம்பூர் 200-க்கும் மேல். அரசு மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் குடிமக்களுக்கு 5 வெள்ளிதான். நல்ல ஏற்பாடு. பெட்ரோல், டோல், சாப்பாடு, போன ஒரு நாள் சம்பளம், இவற்றுக்கு யார் கட்டணம் குறைப்பது? குழந்தைகளுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டு நீளும். கணக்குப் போட்டுப் பாருங்க.

ஒரு காலத்தில் இப்படி நீளவில்லை. அது நல்ல செய்தியும் இல்லை. 1947-க்கு முன் இந்த நோய் வந்த பிள்ளை சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் போய்விடும். பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் என்ற மருந்தை 16 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. முடிவை 1948-ல் வெளியிட்டார். அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். தெலுங்கர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். (இவர் பெயர் நம் வினாத்தாள்களில் ஏன் வருவதே இல்லை என்று எனக்கு எப்போதும் ஒரு வருத்தம்.) தணிந்த நோய் சில மாதங்களில் திரும்பியது உண்மைதான். ஆனால் வழி திறந்துவிட்டது. 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் டொனால்ட் பிங்கல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, பாதிப் பிள்ளைகளைக் குணப்படுத்தும் நிலைக்குக் கொண்டுவந்தார்.

தேர்வில் எழுதத் தகுந்த வரி, என் கருத்தில், இதுதான்: மருந்து வென்றதால்தான் பெற்றோரின் பணி நீண்டது. சில வாரத் துயரம் சில ஆண்டு உழைப்பாக மாறியது. வீட்டில் தினமும் மாத்திரை, காய்ச்சல் அடித்தால் நடுராத்திரியானாலும் ஓட்டம், வாரா வாரம் இரத்தப் பரிசோதனை. மாத்திரை கொடுப்பது சின்ன வேலை இல்லீங்க. 100-க்கு 95-க்கும் குறைவாக மாத்திரை எடுத்த பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அப்படியானால் அந்த அம்மா பார்வையாளர் அல்ல, சிகிச்சைக் குழுவில் ஒருவர்.

மருத்துவமனைகள் இதை ஒப்புக்கொள்ள வெகுநாள் எடுத்தன. 1940-களில் இலண்டனின் பெரிய மருத்துவமனைகளில் எந்த நோய்க்காகச் சேர்ந்த பிள்ளையாக இருந்தாலும், பெற்றோர் பார்க்க வாரத்தில் ஓரிரு மணி நேரம்தான். பெற்றோர் வந்தால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-ல் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மருத்துவமனை நாள்களைப் படம்பிடித்துக் காட்டினார். அது அமைதி அல்ல, நம்பிக்கை இழந்த மௌனம் என்று புரிந்தது. 1959-ல் வந்த பிளாட் அறிக்கை, பெற்றோரைத் தாராளமாக உள்ளே விடுங்கள் என்றது.

உள்ளே விட்டாயிற்று. எங்கே படுப்பது? எதைச் சாப்பிடுவது? அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஃபிரெட் ஹில் என்ற கால்பந்து வீரரின் மகளுக்கு இரத்தப் புற்றுநோய். மற்ற பெற்றோர் நாற்காலியில் தூங்குவதை அவர் பார்த்தார். குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் ஆட்ரி எவன்ஸ், மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வீடு வேண்டும் என்று ஏற்கெனவே நினைத்திருந்தார். 1974-ல் முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் திறந்தது.

இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப ஒன்றைக் காணலாம். தொடங்கியவர்களில் பலர் தம் வீட்டிலேயே நோயைப் பார்த்தவர்கள். நம் பாடங்களில் முத்துலட்சுமி ரெட்டி என்றால் தேவதாசி முறை ஒழிப்பு, ஔவை இல்லம் என்று எழுதி முடித்துவிடுவோம். 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்த நினைவை 30 ஆண்டு சுமந்து, 1954-ல் 12 படுக்கைகளோடு சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-ல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விடவில்லை. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு அங்கே 1960-லேயே வந்துவிட்டது. பெற்றோர் அமைப்புகள் நாடு கடந்து ஒன்றுசேர்ந்தது 1994-ல், ஸ்பெயினின் வலென்சியாவில். பிப்ரவரி 15-ஐ அனைத்துலகக் குழந்தைப் புற்றுநோய் நாளாக 2002 முதல் கடைப்பிடிக்கச் செய்தவர்களும் அவர்களே.

மலேசியாவில் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் 1966-ல் தோன்றியது. வெளியூர்ப் பிள்ளைகளும் பெற்றோரும் தங்க அது கோலாலம்பூரில் ஓர் இல்லம் நடத்துகிறது. 1994-ல் வந்த மக்னா, வசதி குறைந்த நோயாளிகளுக்குப் பண உதவி செய்கிறது. 2011-ல் தொடங்கிய செகோலா டாலாம் ஹொஸ்பித்தல் திட்டத்தில் வார்டுக்குள்ளேயே வகுப்பு நடக்கிறது. பிள்ளைக்குப் பாடம் என்பது வெளிப்பார்வை. அந்த நேரத்தில் அம்மா குளித்துச் சாப்பிட்டு வரலாம், அது பலருக்குத் தெரிவதில்லை.

பத்து பாகாட் வகுப்பறைக்கு வருவோம். சிகிச்சையில் இருக்கும் பிள்ளை பள்ளிக்குத் திரும்பியிருக்கும்போது, உடன் படிக்கும் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால், பெற்றோருக்கு அன்றைக்கே போன் போடுங்கள், மறுநாள்வரை வைக்க வேண்டாம். எதிர்ப்பு சக்தி குறைந்த உடலுக்கு அது உயிராபத்து. தடுப்பு மருந்து கொடுக்க மருத்துவருக்கு இருக்கும் நேரமும் கொஞ்சம்தான். இன்னொன்று, வீட்டில் விட்டுவந்த அண்ணனோ தங்கையோ உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். பாட்டியோடு இருக்கும் அந்தப் பிள்ளை வீட்டுப்பாடம் முடிக்காமல் வந்தால், காரணத்தை எல்லார் முன்னும் கேட்காதீர்கள். நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்து முடிக்கச் சொல்லுங்கள்.