ஓய்வும் கருவிக் கல்வியும்

தொழிலுக்குரிய பொழுதே பயனுடைய பொழுது என்றும், அதற்குப் புறம்பானது வீண்பொழுது என்றும் கருதுவோர் பலர். வரலாற்றை நோக்கின் இக்கருத்துப் பொருந்தாமை புலனாகும். எதிர்பாராது வாய்த்த ஓய்விலே, ஊதியம் கருதாது, விருப்பம் ஒன்றே காரணமாகச் செய்யப்பட்ட முயற்சிகள் சில பின்னர் உலகிற்கு இன்றியமையாதன ஆயின. வானொலியும் கணினியும் இதற்குத் தக்க சான்றுகளாம்.

திருகோணமலை நகருக்கு வடக்கே கடலை அடுத்துக் கிடக்கும் சல்லிக் கிராமத்தார்க்கு இத்தகைய ஓய்வு புதிதன்று. வடகீழ்ப் பருவக்காற்று மிகும் கார்த்திகை, மார்கழித் திங்களிற் கடல் கொந்தளிப்பின் தோணிகள் கரையேறும். அந்நாட்களில் மீனவர் வாளாவிருப்பதில்லை, வலையின் கிழிவைச் சீர்செய்வர், தோணியைச் செப்பனிடுவர். கடல் தந்த ஓய்வு அடுத்த கடற்செலவுக்கு முதலாகின்றது. கருவிக் கல்வியின் வரலாறும் இதனையே ஒக்கும்.

இலங்கையில் வானொலி தோன்றியவாறு நோக்கத்தக்கது. தந்தித் திணைக்களப் பொறியியலாளராகிய எட்வேட் ஹாப்பர் 1920-களின் முற்பகுதியிற் கொழும்புத் தந்தி நிலையத்தின் சிற்றறையொன்றிலிருந்து இசைத்தட்டுப் பாடல்களை வானலையில் விடுத்துச் சோதனை செய்தார். முதல் உலகப் போரிற் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகள் அக்கருவிக்குப் பயன்பட்டன என்பர். ஆர்வலரைக் கூட்டி வானொலிக் கழகமொன்று அமையவும் அவர் வழிகோலினார். 1925 டிசெம்பர் 16-இற் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. போரின் எச்சம் பாட்டின் கருவியாயிற்று.

இரண்டாம் உலகப் போரின் முடிவு இதனினும் வியத்தகு விளைவைத் தந்தது. போருக்கு முன் கணக்காய்வுப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்த ஆதர் சி. கிளாக், பிரித்தானிய விமானப்படையில் ரேடார்க் கருவிகளோடு பணிபுரிந்தார். 1945 மே 8-இல் ஐரோப்பாவிற் போர் ஓய்ந்தது. 17 நாட்கள் கழித்து, படையினின்று விடுபடுமுன்னரே, கோளிடைக் கழக நண்பர் சிலருக்கு அவர் ஒரு குறிப்பு வரைந்தார். பூமிக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடொப்பச் சுழலும் மூன்று நிலையங்களை நிறுவின் உலகு முழுவதற்கும் செய்தி பரப்பலாம் என்பதே அதன் கருத்து. அவ்வாண்டு ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் அது விரிந்த கட்டுரையாயிற்று. எவரும் ஏவாது எழுந்த அக்கருத்து 1964-இல் சின்கொம் 3 என்னும் செய்மதியால் மெய்யாயிற்று.

பின்னாளில் இலங்கையிற் குடியேறிய கிளாக், 1956-இல் மைக் வில்சனோடு சுவாமிமலைக் கடலடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் சிதைவுகளையும் கண்டமை திருகோணமலையார் அறிந்ததே. 1975-இல் இந்திய விண்வெளிப் பொறியியலாளர் அவரது கொழும்பு இல்லத்தில் அலைவாங்கி ஒன்றை நிறுவினர். இலங்கையிற் தொலைக்காட்சிச் சேவை தொடங்குவதற்கு நான்காண்டுகள் முன்னரே செய்மதி வழியாகப் படம் அங்கே தெரிந்தது.

எனினும், அறிவு பிறத்தல் வேறு. அஃது உரியாரைச் சென்றடைதல் வேறு. 2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையுமாம். காலை ஏறத்தாழ ஏழு மணிக்குச் சுமாத்திராவுக்கு அருகே கடலடி அதிர்ந்தது. ஆழிப்பேரலை இலங்கையின் கீழ்க்கரையை அடைய ஒன்றரை மணி நேரத்திற்கு மேலாயிற்று. ஹவாயிலிருந்த எச்சரிக்கை நிலையம் அதிர்வை அறிந்திருந்தும், இந்து சமுத்திர நாடுகளுக்குச் செய்தி செலுத்தும் ஒழுங்கு அந்நாளில் இல்லை. வானத்திற் செய்மதிகள் சுழன்றன. சல்லி போன்ற கரையூர்களுக்கோ ஒரு சொல்லும் வந்திலது. இலங்கையில் மாண்டோர் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர்.

அவ்விடரிற் கைகொடுத்தோருள் ஓய்வுநேரக் கலைஞரும் இருந்தனர். ஊதியமின்றி வானலையிற் பேசிப் பழகும் ஹாம் வானொலியார் ஹம்பாந்தோட்டைக்குச் சென்று, சிற்றலை வழியாகக் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினர். அந்தமானில், பொழுதுபோக்கு ஒலிபரப்புக்கெனச் சென்றிருந்த பாரதி பிரசாத் குழுவினர் அதனை நிறுத்தி, உறவினரைத் தேடுவோர்க்குச் செய்தி சொல்லும் பணியிற் புகுந்தனர். இலங்கைக் கணினி வல்லுநர் பலர் தத்தம் அலுவலை ஒருபுறம் வைத்து, 'சஹானா' என்னும் மென்பொருளைச் சில வாரங்களுள் ஆக்கினர். காணாமற் போனோர் பெயர், முகாம்களின் நிலை, நிவாரணத் தேவை ஆகியவற்றை ஓரிடத்தில் பதிந்து ஒழுங்குசெய்வது அதன் நோக்கம். எவரும் விலையின்றிப் பெற்றுத் திருத்திக்கொள்ள விடப்பட்டமையால், 2005-இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது.

இவ்வரலாற்றினின்று இரண்டு உண்மைகள் பெறப்படும். இடர் வந்த பின் எவரும் கருவி கையாளக் கற்றிலர். முன்னரே விருப்பத்தாற் கற்றிருந்தவரே உதவினர். ஆயினும், தனியார் ஆர்வம் மட்டும் அலை வருமுன் கரையோரைக் காத்திலது. அதற்கு நிறுவனமும் ஒழுங்கும் வேண்டியிருந்தன. அதனாலன்றோ 2005-இல் இலங்கையில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டதும், 2011-இல் இந்து சமுத்திர எச்சரிக்கை முறை முழுமையாக இயங்கத் தொடங்கியதும்.

ஆர்வம் வித்து; நிறுவனம் வரப்பு. வித்தில்லா வயலில் வரப்பாற் பயனில்லை. வரப்பில்லா வயலில் நீர் நில்லாது. ஓய்வுநாளிற் பழைய வானொலியொன்றைப் பிரித்துப் பார்க்கும் மாணவனைச் சோம்பேறி எனக் கடியும் பெற்றோரும் ஆசிரியரும் இதனைக் கருதுதல் நன்று. கரையேறிய தோணியருகே வலையைச் சீர்செய்பவன் கடலை மறந்தவனல்லன்.