கட்டுவது யார் என்பதை முடிவு செய்வது யார்?

ஆரணிப் பக்கம் காலனி வீட்டைப் பழுதுபார்ப்பது பற்றிப் பேசினால் முதல் கேள்வி செலவு. கட்டும் ஆளை யார் தேர்ந்தெடுப்பது என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கை, 1892 பஞ்சமி நில அரசாணைக்கு அடிப்படை. சேரியில் குடிசை நின்ற மனைகூட மிராசுதார் பிடியில் இருந்ததை அது பதிவு செய்தது. எப்போது வேண்டுமானாலும் துரத்தப்படலாம் என்ற இடத்தில் யார் செங்கல் சுவர் எழுப்புவார்கள்?

1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும் ஒரு குடிசைக்குள்தான். 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது, தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவதே அதன் வேலை. ஆனால் ஒப்பந்ததாரர் கட்டிய தொகுப்பு வீட்டில், குடியிருப்பவர் சிமெண்ட் கணக்குக் கேட்க முடியாது.

பின்பு வந்த இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டத்தின் விதி இதை மாற்றியது: ஒப்பந்ததாரர் கூடாது, பயனாளியே கட்ட வேண்டும். தோழர்களே, இது சலுகை அல்ல, உரிமை.

2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடிக்கு 3.5 லட்சம் தருகிறது. சதுர அடிக்கு 1,000 ரூபாய்கூட இல்லை. தவறான மேஸ்திரி கிடைத்தால் மிஞ்சுவது கடன்தான். அவர் முன்பு கட்டிய வீட்டை மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். கூலியை எழுதி வாங்குங்கள். வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.