இடுப்பில் ஏறி ஊர் பார்த்த பிள்ளைகள்

ஒரு நகரின் வரலாற்றை எழுதுவோர் கோட்டை எழுப்பியவனையும் போரில் வென்றவனையும் மறவாமல் குறிக்கின்றனர். கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய் அந்நகரில் எங்கெல்லாம் சென்றாள், எந்த நிழலில் அமர்ந்தாள், எவ்விடத்தில் பாலூட்டினாள் என்பதை எவரும் குறித்து வைப்பதில்லை. ஆயினும் ஒரு நகரின் பண்பாட்டை அளந்தறிய இதனினும் நேரிய அளவுகோல் உண்டோ? பொருநையாற்றின் கரையில் வாழும் நாம் இக்கேள்வியோடு நம் ஊரின் கடந்த காலத்தைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

குழந்தையின் ஒவ்வோர் அசைவையும் இலக்கியமாக்கிய மொழி நம்முடையது. கையூன்றி முகமசைக்கும் செங்கீரைப் பருவமும், தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவமும், தேருருட்டும் சிறுதேர்ப் பருவமும் பிள்ளைத்தமிழில் தனித்தனி இடம் பெற்றவை. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடிய குமரகுருபரர் இவ்வாற்றங்கரையிலுள்ள திருவைகுண்டத்தில் பதினேழாம் நூற்றாண்டில் பிறந்தவர். ஐந்து வயது வரை பேசாதிருந்த அப்பிள்ளையைப் பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுசென்று, அங்கேயே தங்கி நோன்பிருந்தனர் என்று மரபு கூறும். பேசாத மகனைத் தூக்கிக்கொண்டு வழி நடந்த பெற்றோரின் ஏக்கம், சமய எல்லைகளைக் கடந்து எந்தத் தாய்க்கும் தந்தைக்கும் விளங்கக்கூடியதே.

அந்நாளைய பயணங்களுக்கு மங்கம்மாள் சாலை போன்ற நிழற்சாலைகளும், சத்திரங்களும், கல் மண்டபங்களும் துணைநின்றன. இவற்றோடு சுமைதாங்கிக் கற்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரு கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்தி அமைக்கும் இதனை, மகப்பேற்றுக்கு முன்னரே வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக நிறுவுவது வழக்கம். இறக்கி வைக்க இயலாத சுமையோடு மறைந்தவளின் பெயரால், வழிப்போக்கரின் சுமை இறங்கியது. இதனினும் உருக்கமான நினைவுச் சின்னத்தை நாம் வேறெங்கும் காண்பதரிது.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆறு குறுக்கிட்டது. பாலம் வருமுன் படகே வழி. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக விளங்கிய சுலோசன முதலியார் ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாயைத் தம் சொந்தப் பொருளிலிருந்து ஈந்தார். 1843-இல் அப்பாலம் திறக்கப்பட்டது. 1869-இல் பெருவெள்ளம் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. 1871-இல் மீண்டும் சீரமைக்கப்பட்டது. வணிகரும் அலுவலரும் அதனால் பெற்ற பயனை வரலாறு பேசும். ஒரு கையில் மூட்டையும் இடுப்பில் மழலையுமாகப் படகேற அஞ்சியிருந்த பெண்கள் பெற்ற விடுதலையையும் நாம் சேர்த்தே பேச வேண்டும்.

1876-இல் மணியாச்சி வழியாகத் திருநெல்வேலிக்குப் புகைவண்டி வந்தது. மேற்கு நோக்கிய பாதை 1904-இல் கொல்லம் வரை நிறைவுற்றது. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என ஆற்றை ஒட்டிய ஊர்கள் ஒரு பகற்பொழுதுக்குள் அடங்கின. குற்றாலச் சாரலுக்குக் கட்டுச்சோற்றோடும், பிள்ளையைக் கிடத்தப் பத்தமடைப் பாயோடும் குடும்பங்கள் புறப்படலாயின. பேரருவியின் வேகத்துக்கு அஞ்சிய தாய்மார் பிள்ளைகளைப் புலியருவியில் நீராட்டினர். அம்பாசமுத்திரத்து மரச்செப்பு, திரும்பும் வழியில் சிறுமியரின் மடியை நிறைத்தது.

நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் முதல் நெடும்பயணம் பெரும்பாலும் திருத்தலப் பயணமே. கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்து, பச்சிளங் குழந்தையோடு புளியம்பட்டி அந்தோனியாரிடமும் காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதாவிடமும் சென்றனர். உவரியில் பதின்மூன்று செவ்வாய்க்கிழமைகள் என நேர்ந்து, குடிலமைத்துத் தங்குவோர் உண்டு. முடியெடுப்பும், காதணியும், அசனமும் அங்கே நிகழும். தொட்டில் கட்ட ஒரு மரக்கிளையும், பால் காய்ச்ச மூன்று கற்களும் கிடைத்தால் போதும். குழந்தை அழுதால் முகஞ்சுளிப்பார் அங்கே இல்லை. நாற்பதாம் நாளில் திருமகனைக் கோவிலுக்கு ஏந்திச் சென்ற அன்னையை, ஒவ்வொரு தாயும் தன்னில் கண்டாள்.

இங்கே மேனாட்டோடு ஓர் ஒப்பீடு பயன்தரும். 1733-இல் வில்லியம் கென்ட் என்பார் இங்கிலாந்தின் டெவன்ஷயர் கோமகனுடைய பிள்ளைகளுக்காகச் சிறு வண்டியொன்றை வடிவமைத்தார். 1965-இல் ஓவன் மக்லாரன் என்னும் விமானப் பொறியாளர், எடை குறைந்த மடக்கு வண்டியை உருவாக்கினார். வண்டி வேண்டுமெனில் சமதளமான நடைபாதை வேண்டும். நம் பெண்களின் இடுப்போ எந்தப் பாதையையும் கேட்கவில்லை. மேடு பள்ளம், சேறு, படிக்கட்டு அனைத்தையும் அது தாங்கிற்று. எனவேதான் நம் நகரங்களும் அவளுக்கென எதையும் அமைக்காமலே காலத்தைக் கடத்தின. தாயின் பொறுமை நகரின் அலட்சியத்துக்குத் திரையாயிற்று என்பதே இவ்வரலாறு சொல்லும் கசப்பான உண்மை.

அண்மைக் காலத்தில் அத்திரை சற்று விலகியுள்ளது. 1987-இல் கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரையிலேயே, மாவட்ட அறிவியல் மையம் திறக்கப்பட்டது. சிறுவரை மனத்திற் கொண்டு அமைந்த பொதுவிடம் அது. இளைப்பாறவும் விளையாடவும் குழந்தைக்குள்ள உரிமையைக் கூறும் பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. 2015-இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் அமைந்தன. 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் நீங்கிற்று. 2022-இல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லை என அறிவிக்கப்பட்டது. கையில் காசின்றியும் பிள்ளையோடு வெளியே செல்லலாம் என்னும் நிலை ஏழைத் தாய்க்கு எளிய பேறன்று.

எனினும் குறை தீரவில்லை. தைமாதத்தில் சிறுவீட்டுப் பொங்கலிட்டு, அதனைச் சிறுமியர் ஆற்றில் மிதக்கவிடும் அழகிய வழக்கம் நம் நெல்லைச் சீமைக்கு உரியது. அவ்வாற்றில் நகரின் சாக்கடை கலக்கிறது. பிள்ளையின் காலை நனைக்கத் தாய் தயங்கும் ஆற்றுக்கு எத்தனை விழா எடுத்தென்ன? நடைபாதையைக் கடைகளும் வாகனங்களும் பிடித்துக்கொள்ள, மழலையின் கைபற்றியவள் சாலையின் நடுவே இறங்குகிறாள்.

நம் ஆலயங்களின் நிலை என்ன? திருப்பலியில் குழந்தை சிணுங்கியதும் பத்துத் தலைகள் திரும்புகின்றன. தாய் கூசி வெளியேறுகிறாள். திருத்தலத்து மரத்தடியில் அவளுக்குக் கிடைத்த இடம் பங்குக் கோவிலின் கூரைக்குக் கீழ் கிடைக்கவில்லையே! ஒரு விசிறியும், ஒரு பாயும், பாலூட்ட மறைவான ஒரு மூலையும் அமைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. சுலோசன முதலியாரைப் போல் அரை இலட்சம் ஈய நம்மால் இயலாதிருக்கலாம். வழியில் ஒரு சுமைதாங்கி நிறுத்திய எளிய மக்களின் மனம் நமக்கு வாய்த்தால் போதும். திரும்பிப் பார்ப்பதை விடுத்துச் சற்று ஒதுங்கி அமர்ந்து, அவளுக்கு இடந்தருவோம். அறம் அங்கிருந்து தொடங்கட்டும்.