பேர்



நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனை நோக்கி மலையேறும் புகைவண்டிப் பாதையில் அமைந்துள்ளது வட்டவளை. இலங்கையில் மழை மிகுதியாகப் பெய்யும் இடங்களுள் அஃதும் ஒன்று. சுற்றிலும் தேயிலை மலைகள். அவற்றின் மடிப்புகளில் லயங்கள். மலையகம் செல்வம் பெற்ற வரலாறும், அச்செல்வத்தை ஈட்டியோர் பெறாது போனவற்றின் வரலாறும் இவ்வூரில் ஒருங்கே புலப்படும்.

தோட்டத்துத் தமிழிலே "பேர்" என்பது ஒரு நாள் வேலையைக் குறிக்கும். விடியற்காலையில் பிரட்டுக்களத்திற் கூடி மலைக்குச் சென்று, குறித்த அளவு கொழுந்தை நிறுத்துக் கொடுத்தவருக்குச் செக்ரோலில் ஒரு பேர் விழும். நிறை குறையுமாயின் அரைப்பேர். மனிதரைச் சுட்டும் சொல்லே கூலியின் அளவாயிற்று. செக்ரோலில் நாள்தோறும் பதிவான இப்பேர், நாட்டின் பிற ஏடுகளில் எப்பொழுது பதிவாயிற்று என்பதே இன்று நாம் எழுப்பும் வினா.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து முதலிற் கொணரப்பட்டோர் காப்பித் தோட்டங்களில் உழைத்தனர். அறுவடை முடிந்ததும் அவருட் பலர் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைநோய் காப்பிப் பயிரை நாளடைவில் அழித்தது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. ஆண்டு முழுவதும் கைகளை வேண்டுவது. ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. புகைவண்டிப் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், வட்டவளை வழியாக 1885இல் நானுஓயாவையும் எட்டியது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புத் துறைமுகத்திற்கு இறங்கின. 1965இல் உலகிலேயே மிகுதியாகத் தேயிலை ஏற்றுமதி செய்யும் நாடாக இலங்கை முதன்முறையாக உயர்ந்தது.

அவ்வுயர்வு எய்திய வேளையில், கொழுந்து பறித்தவர்களின் நிலை யாது? 1931இல் வந்த சர்வசன வாக்குரிமை, நிபந்தனைகளோடேனும் அவருட் பலரையும் வாக்காளர் இடாப்பிற் சேர்த்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. ஆயினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும், 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை சரிபாதியாகப் பிரித்தது. இவ்வாறு ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்த உறவினர்கள் கடலின் இருகரையினராயினர். நாடற்ற நிலையை முடிவுக்குக் கொணரும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

குடியுரிமைப் பதிவேட்டில் பேர் ஏறியது. காணி உறுதியிலோ இன்னும் பெரும்பாலும் ஏறவில்லை. தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களால் லயத்து அறை அதில் வாழ்வோர்க்கு உரியதாகவில்லை. பல லயங்களுக்குத் தனி முகவரியுமில்லை. தோட்ட நிர்வாகத்தின் வழியாகவே கடிதம் வந்து சேரும். வேலைக்கான நேர்முகத் தேர்வின் அழைப்பு ஒரு வாரம் தாமதித்தால், ஓர் இளைஞனின் வாழ்வே திசைமாறலாம் என்பதை ஆசிரியராகிய நாங்கள் நன்கறிவோம்.

ஏமாற்றத்தை மட்டும் உரைப்பது முறையன்று. தோட்டப் பாடசாலைகளை எழுபதுகளில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னர், லயத்துப் பிள்ளைகள் ஆசிரியராகவும் மருத்துவராகவும் சட்டத்தரணிகளாகவும் உயர்ந்துள்ளனர். ஆயினும் பெற்றோரின் அரைப்பேர், பிள்ளையின் பாடசாலை வரவையும் பாதிக்கவே செய்கிறது. கூலி குறைந்த வாரத்தில் வகுப்பறையின் பின்வாங்குகளில் வெற்றிடம் தோன்றும்.

ஆண்டின் தொடக்கத்திலே புதிய மாணவரைச் சேர்க்கும்பொழுது, பிள்ளையின் முழுப்பெயரையும் இடாப்பில் எழுதுகிறோம். அங்கே அரைப்பேர் என்பது கிடையாது. முகவரிக்கான கட்டத்திலோ, தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் மட்டுமே பெரும்பாலும் எழுத நேர்கிறது. தாம் வாழும் வீடும் அவ்வீடு நிற்கும் நிலமும் அம்மக்களுக்கு உரிமையாகும் நாளிலே, அக்கட்டமும் முறையாக நிரம்பும்.