சமைத்த கடலுணவு அறை வெப்பத்தில் கெடுதல்

மீன், இறால், நண்டு, கணவாய் போன்றவற்றைச் சமைத்தபின் சூடாகவும் வைக்காமல், குளிரிலும் வைக்காமல் வெளியே விட்டால், அவற்றில் நுண்ணுயிரிகள் பெருகி, உண்பவருக்கு நோய் தரும் நிலை உண்டாகிறது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை இவை வளரத் தோதான வெப்பம். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெப்பம் ஏறக்குறைய 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. சித்திரை, வைகாசியில் நம் ஊர்ச் சமையலறைகளுக்கு இரண்டாவது கணக்கே பொருந்தும்.

1950 அக்டோபரில் ஜப்பானின் ஒசாகாவில் 272 பேர் வாந்தி, பேதியில் விழுந்தனர். 20 பேர் இறந்தனர். அவர்கள் உண்டது ஷிராசு: மத்தி இனக் குஞ்சு மீன்களை உப்பு நீரில் வேகவைத்து அரைகுறையாக உலர்த்திய உணவு. வெந்த மீன்தான், உப்பும் உண்டு. அப்படியிருந்தும் கெட்டது. ஒசாகாப் பல்கலைக்கழகத்தின் ஃபுஜினோ சுனேசாபுரோ அதிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா, பின்னாளில் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்று பெயர் பெற்றது. கடல்நீரில் வாழும் இதற்கு உப்பு இல்லாமல் வளரவே முடியாது. மற்றவற்றைத் தடுக்கும் அளவு உப்பு இதற்குச் சாதகம். ஏற்ற வெப்பத்தில் பத்து நிமிடத்துக்குள் ஒன்று இரண்டாகும். பத்து நிமிடம் என்றே வைத்துக்கொண்டாலும், ஒன்று ஒரு மணி நேரத்தில் 64 ஆகும். மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும்.

நன்றாக வேகவைத்தால் இந்தப் பாக்டீரியா செத்துவிடும். ஆனால் வெந்ததன் மேல் அது மறுபடி வந்து சேர வழிகள் உண்டு. பச்சை மீன் வெட்டிய பலகை, கழுவாத கத்தி, மீன் கொண்டுவந்த கூடை எதுவானாலும் போதும். 1971இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் நண்டு உண்ட நானூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது, ஆவியில் வெந்த நண்டுகள் உயிர் நண்டுகளோடு ஒட்டி இருந்ததும் ஒரு காரணமாகக் கருதப்பட்டது.

வேகவைத்த இறாலையும் நண்டையும் கையால் உரிக்கும்போது இன்னொன்று வருகிறது. மனிதரின் மூக்கிலும் தோலிலும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், வெளியே வைத்த உணவில் பெருகி நச்சைக் கக்கும். மறுபடி கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நச்சு சாகாது. அரை மணி நேரக் கொதிப்பையும் அது தாங்கும். “நல்லா கொதிக்க வச்சாச்சு, ஒண்ணும் ஆகாது” என்ற வீட்டு நம்பிக்கை இந்த இடத்தில்தான் பொய்த்துப்போகிறது. இறால் பிரியாணி சாப்பிட்டு வாந்தி எடுத்தவர் இறாலைத் திட்டுவார். குற்றவாளி சோறாகவும் இருக்கலாம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸின் வித்துகள் சமையலைத் தாண்டிப் பிழைத்து, வெளியே வைத்த சோற்றில் முளைக்கும். அதன் வாந்தி நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழிவதில்லை.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றுக்குத் தனிச் சிக்கல் உண்டு. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமைனாக மாற்றுகிறது. அதைச் சமையலும் போக்காது, உறைய வைத்தலும் போக்காது. உண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவந்து, தலை வலித்து, உடல் அரிக்கும். ‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பலர் இதை ஒவ்வாமையாக எண்ணி, நல்ல மீனையும் வாழ்நாள் முழுக்க ஒதுக்கிவிடுகிறார்கள்.

அப்படியானால் மறுநாள் மீன்குழம்பு? அதன் ருசியை மறுப்பதற்கில்லை. புளியும் உப்பும் காரமும் ஒரு நாளில் துண்டுக்குள் இறங்கிவிடும். புளியின் அமிலம் கிருமிகளின் வேகத்தைக் குறைப்பதும் உண்மை. ஆனால் புளிப்பு வீட்டுக்கு வீடு மாறும். தடித்த வஞ்சிரத் துண்டின் நடுப்பகுதி குழம்பைப் போலப் புளிப்பாக இருக்காது. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் இரவிலும் காலையிலும் சட்டியை அடுப்பேற்றிக் கொதிக்கவிட்டது வளர்ந்த கிருமிகளைக் குறைத்தது. தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பும், புளி சேராத இறால் தொக்கும், வறுவலும் அந்த அளவுக்குக்கூடத் தாங்கா. மூக்கை நம்பவும் வழியில்லை: நோய் தருபவை பெருகினாலும் வாடை மாறாமல் இருக்கலாம்.

மீதக் குழம்பைச் சட்டியோடு ஃபிரிட்ஜில் வைப்பது சரிவராது. மண்சட்டி சூட்டைப் பிடித்துவைக்கும். நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். அதற்குள் கொதிப்பைத் தாண்டிப் பிழைத்த கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் வித்துகள், வெதுவெதுப்பான 43 - 45 டிகிரியில் முளைத்துப் பெருகும். அகன்ற, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றினால் சீக்கிரம் ஆறும். 4 டிகிரிக்குள் இருந்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். எடுத்ததும் முழுதாகக் கொதிக்கவைத்து, வேண்டிய அளவை மட்டும் பரிமாற வேண்டும். கரண்ட் போனால் திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். அதற்குமேல் போனால் முதலில் கொட்டவேண்டியது மீன்தான்.