பரத்பூர்க் கற்பலகைகளும் நீர்ப்பறவைகளும்

இராஜஸ்தானின் பரத்பூரில், மாசி கழிந்து பங்குனி பிறக்கும் இளவேனில் முகத்தில், குளிர்காலத்தைக் கழித்த வாத்தினங்கள் வடதிசை நோக்கி எழத் தொடங்குகின்றன. அதனைக் காண வருவோர் பலர். அங்குள்ள கேவலாதேவ் கோயிலருகே நிற்கும் கற்பலகைகளை நின்று படிப்போர் சிலரே. கல்வெட்டு என்றதும் கொடையையும் நிவந்தத்தையும் எண்ணிப் பழகிய நமக்கு, அவை வேறு வகையான ஆவணங்களாகத் தோன்றுகின்றன. அவற்றில் உள்ளவை வேட்டைக் கணக்குகள்: நாள், சிறப்பு விருந்தினர், துப்பாக்கிகளின் எண்ணிக்கை, வீழ்ந்த பறவைகளின் தொகை. வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட 1938 நவம்பர் 12ஆம் நாள் வேட்டையில் 39 துப்பாக்கிகளுக்கு 4,273 பறவைகள் இரையாயின.

இவற்றைக் கொடுமையின் சின்னங்கள் எனக் கூறி அகல்வது ஆய்வுக்குப் போதாது. இந்நீர்ப்பரப்பு மனிதர் ஆக்கியது என்பதற்கு இவை சான்றாகின்றன. கம்பீர், பாணகங்கை ஆறுகளின் நீரைத் தேக்க அஜான் அணையைக் கட்டியது 18ஆம் நூற்றாண்டின் சூரஜ்மல் ஆட்சி. பின்வந்த அரசர்கள் பள்ளநிலத்தைக் கரைகளாலும் மதகுகளாலும் பகுத்து வேட்டைக்கு ஏற்றதாக்கினர். இன்று 'இயற்கை' எனப் போற்றப்படும் இடம், ஒருகால் அரச விருந்தோம்பலின் களமாகவே பேணப்பட்டது.

1956இல் அது சரணாலயமாயிற்று. எனினும் பெருவேட்டை 1964 வரை நீடித்தது. 1985இல் உலக மரபுரிமைத் தகுதியும் கிட்டியது. இவ்வரிசையைப் பாராட்டுவோர் 1982ஆம் ஆண்டை விரைந்து கடந்துவிடுகின்றனர். அவ்வாண்டு, பறவையியலாரின் கருத்தை ஏற்றுப் பூங்காவினுள் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. எதிர்த்துத் திரண்ட ஊர்மக்களுள் பலர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980களில் நிகழ்த்திய நெடிய ஆய்வோ எதிர்பாராத முடிவைத் தந்தது. எருமைகள் மேய்ந்து அடக்கிவைத்திருந்த பாஸ்பாலம் புல், தடைக்குப்பின் ஆழமற்ற நீரை மூடிப் படர்ந்தது. நீர்ப்பறவைகளுக்கு உரிய இடம் சுருங்கிற்று. இடையர் ஏரிக்குப் பகைவர் அல்லர், அதன் பராமரிப்பில் பங்காளிகள் என்பதை அறிவியலே பின்னர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. உயிர்கள் போனபின் வந்த அறிவு அது.

நீருக்கான பூசல் அடுத்து எழுந்தது. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை எழுந்தபின், 2004இல் கரௌலிப் பகுதி உழவர்கள் கீழ்நோக்கி நீர் திறப்பதை எதிர்த்தனர், ஏரி வறண்டது. சைபீரியப் பெருங்கொக்குகள் மறைந்ததற்கும் இவ்வணையே காரணம் எனச் சிலர் எழுதுவது பொருந்தாது. 1960களில் ஏறத்தாழ 200 ஆக இருந்த அவற்றுள் கடைசி இணை 2001-02 குளிர்காலத்திலேயே இறுதியாக வந்து சென்றுவிட்டது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியிலான நெடும்பயணத்தில் நேர்ந்த வேட்டையே பெருங்காரணம் என்பர். ஏரியின் நீர்ப்பற்றாக்குறையோ தனி வழக்கு. கோவர்த்தன வடிகாலிலிருந்தும் சம்பல் ஆற்றிலிருந்தும் நீர் கொணர்ந்தே அது பின்னர் ஓரளவு தணிக்கப்பட்டது.