மல்லிகை நாற்றும் தலைமுடி நாற்றும் - ஒரு குட்டி வரலாறு



எங்கள் தங்கச்சிமடம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு மீன்பிடிதான் ஞாபகம் வரும். மல்லிகை நாற்றுக்கும் பெயர் போன ஊர் இது. குச்சியை வெட்டி மணலில் ஊன்றி, வேர் பிடித்ததும் கட்டுக் கட்டாக வெளியூருக்கு அனுப்புவார்கள். என் பெரியப்பா மகனுக்குத் தை மாதம் கல்யாணம். "அதுக்குள்ள தலையில முடி நட்டுறப் போறேன்" என்று அண்ணன் சொன்னதும் எனக்கு அந்த மணல் பாத்திதான் கண்ணில் வந்தது. உடனே தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வழுக்கையை மறைப்பது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. ரோமாபுரி ஜூலியஸ் சீசர் பின்முடியை முன்னால் சீவி விடுவாராம். தலையில் இலைக் கிரீடம் வைக்கும் உரிமை கிடைத்ததில் அவருக்கு ஏக சந்தோஷம் என்று சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். இன்றைய கிரீடம், கெரட்டின் பவுடர். இருக்கிற முடியில் ஒட்டிக்கொண்டு அடர்த்தியாகக் காட்டும். முடியே இல்லாத இடத்தில் பிரயோஜனம் இல்லை. தலைக்குக் குளித்தால் போய்விடும். எங்கள் தீவின் காற்றுக்கும் வியர்வைக்கும் எவ்வளவு நேரம் தாங்குமோ!

நடும் கதைக்கு வருவோம். 1939ல் ஜப்பானிய மருத்துவர் ஒகுடா, தழும்பு விழுந்து முடி போன இடங்களில் முடியுள்ள தோல் துண்டுகளை நட்டு, ஜப்பானிய மொழியில் எழுதி வைத்தார். உலகப்போரில் அது வெளியுலகுக்குத் தெரியாமலே போனது. 1952ல் நியூயார்க்கில் நார்மன் ஒரென்ட்ரீச் வழுக்கைக்கு அதைச் செய்தார். 1959ல் வெளியான அவரது கட்டுரையின் சாரம் இதுதான்: பின்மண்டை முடி, எங்கே நட்டாலும் பின்மண்டை குணத்தோடுதான் வளரும். எங்கள் ஊர்க் குச்சி மதுரையில் நட்டாலும் அதே மல்லிகைதானே!

அன்று நட்ட துண்டுகள் பெரியவை. பொம்மைத் தலை மாதிரி கொத்துக் கொத்தாகத் தெரியும். 1990களில்தான் ஒன்று முதல் நான்கு முடி உள்ள இயற்கையான சிறு கற்றைகளாக நடும் முறை பரவியது.

அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான். நட்ட முடி முதல் சில வாரங்களில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளே இருக்கும். மூன்று, நான்கு மாதம் கழித்துத்தான் மறுபடி முளைக்கும். முழுப் பலன் தெரிய ஏறத்தாழ ஒரு வருடம். ஆக, இப்போது நட்டால் தையில் மாப்பிள்ளைத் தலை இப்போதைவிட மோசமாக இருக்கலாம்! இன்னொன்று, புது முடி எதுவும் உண்டாவதில்லை. இருப்பது இடம் மாறுகிறது, அவ்வளவே. பழைய முடி கொட்டுவதும் நிற்காது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமும் இல்லை இது. 2016 மே மாதம் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவ மாணவர் இரண்டே நாளில் இறந்துபோனார். அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம்தான் என்று அப்போது செய்தி வந்தது. டாக்டருக்குப் படித்தவருக்கே இந்தக் கதி. 2022ல் தேசிய மருத்துவ ஆணையம், இதை முறையான பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது போதாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

எல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: "சரிடா, கல்யாணம் முடியட்டும். அப்புறம் யாரு கத்தி பிடிக்கிறாங்கன்னு கேட்டுட்டே போறேன்."

நாற்று நல்லதாக இருந்தால் மட்டும் போதாது நண்பர்களே, நடுகிற கையும் தெரிந்த கையாக இருக்க வேண்டும்.